பத்து வயதுப் பெண்ணின் பாஸ்புக்: அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைப் பற்றி

பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் காசு கொடுக்கத் தொடங்கியதுமே, அதை எங்கே வைக்கச் சொல்வது, எதில் எழுதச் சொல்வது, எப்போது எடுக்க விடுவது என்ற கேள்விகள் எல்லா வீடுகளிலும் வந்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் மண் உண்டியல், கைப்பேசிச் செயலியோடு வரும் ப்ரீபெய்டு அட்டை, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்தோம். பதினான்கு மாதங்களாக நிலைத்திருப்பது அஞ்சலகக் கணக்கு மட்டுமே. பத்து வயது நிறைந்த பிள்ளையின் பெயரில் அத்தகைய கணக்கைத் தொடங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக, அதன் நிறைகுறைகளை நாங்கள் கண்டபடி எழுதுகிறேன். வட்டியை எண்ணி இதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு எடுக்கலாம், எடுத்தால் என்ன மிஞ்சும் என்பதை என் மகள் யாரையும் கேட்காமல் தானே சொல்ல வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

முதலில் வந்தது உண்டியல். 2023ஆம் ஆண்டு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது, ரத வீதிக் கடையொன்றில் காருக்குறிச்சி மண்ணில் செய்த உருண்டை உண்டியலை மகளே தேர்ந்தெடுத்து வாங்கினாள். கிடைக்கும் காசையெல்லாம் அதில் போட்டாள். பார்க்கிற எங்களுக்கும் மனம் நிறைந்திருந்தது. ஆறேழு மாதங்கள் கழித்து ஒருநாள், அவள் உண்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, துளைக்குள் இரண்டு ஈர்க்குச்சிகளை விட்டு, மடித்துப் போட்ட பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். திருட்டுத்தனம் என்று நினைத்துக் கடுமையாகப் பேசினேன். "எடுக்கல அம்மா, எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பார்த்தேன், திரும்ப உள்ளே போட்டுருவேன்" என்று அழுதபடி சொன்னாள். தரையில் விரித்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டல் கணக்கு எழுதியிருந்தது. அவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பணத்தை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் போட முடியாது. வீட்டு வரவுசெலவைப் பார்க்கும் பெரியவர்களால் முடியாத அந்தக் காரியத்தை, ஒன்பது வயதுப் பிள்ளை செய்ய வேண்டும் என்று உண்டியல் எதிர்பார்க்கிறது. போடத்தான் அது கற்றுக்கொடுக்கிறது. எண்ணவும் எடுக்கவும் கற்றுக்கொடுப்பதில்லை. எடுக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், உடைத்தால் உண்டியலே இல்லை என்பதால், செலவழிப்பது என்றாலே எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்ப்பது என்றுதான் குழந்தையின் மனத்தில் பதிகிறது. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் நாணயத்தைத் தொட்டுப் பழகுவதற்கு உண்டியலை நான் இன்றும் பரிந்துரைப்பேன். கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளைக்கு அது போதாது.

அடுத்ததாக, குழந்தைகளுக்கென்றே விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு ப்ரீபெய்டு அட்டையை வாங்கினோம். பெற்றோர் தம் கைப்பேசியிலிருந்து பணம் ஏற்றலாம். பிள்ளை செய்யும் ஒவ்வொரு செலவும் பெற்றோருக்குச் செய்தியாக வந்துவிடும். வசதியில் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு ஏற்றிய 240 ரூபாயை மகள் இரண்டே நாளில் வண்ணப் பேனாக்களிலும் ஒட்டுப்படங்களிலும் செலவிட்டதும், மூன்றாம் நாள் எழுதுபொருள் கடையில் அட்டை வேலை செய்யவில்லை என்று வந்து நின்றாள். பணம் தீர்ந்துவிட்டது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு செலவின் செய்தியும் என் கைப்பேசிக்கு வந்ததால், கணக்கை அறிந்தவள் நானாகவும் செலவழித்தவள் அவளாகவும் இருந்தோம். இதற்கிடையில் தடைப்பட்ட ஒரு பரிவர்த்தனையில் பிடிக்கப்பட்ட 45 ரூபாயைத் திரும்பப் பெற மூன்று வாரங்களும் பல மின்னஞ்சல்களும் தேவைப்பட்டன. மூன்று மாதங்களில் அந்த அட்டையை முடித்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் தலைமுறை, அப்பா சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுப்பதையும், கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணி வைப்பதையும் பார்த்து வளர்ந்தது. 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு பிறந்த பிள்ளைகள், அம்மா கடைவாசலில் கைப்பேசியைக் காட்டுகிறாள், பொருள் பைக்குள் வருகிறது என்பதை மட்டுமே காண்கிறார்கள். ஏழு வயதான என் இளைய மகன், "போன்ல இருக்கிற காசு தீருமா, தீராதா?" என்று ஒருமுறை கேட்டான். பணம் குறைவதைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைக்கு அது நியாயமான சந்தேகம்தான். ஆகவே, பணம் மெதுவாக நகர்கிற, நகர்ந்த ஒவ்வொரு முறையும் எழுத்தில் பதிகிற ஓர் இடத்தை நான் தேடினேன். 1882ஆம் ஆண்டிலிருந்து சேமிப்பு வங்கியை நடத்திவரும் அஞ்சலகம், என் தெருமுனையிலேயே இருந்தது.

பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கித் தானே இயக்கலாம் என்பது விதி. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தால் கணக்கைக் காப்பாளர்தான் இயக்க வேண்டும். அதில் பிள்ளை கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. தொடங்குவதற்குக் குறைந்தது 500 ரூபாய் வேண்டும். மகளின் பத்தாவது பிறந்தநாள் முடிந்தபின், 2024 ஜூன் முதல் வாரத்தில் உண்டியலை உடைத்தோம். 437 ரூபாய் இருந்தது. மீதி 63 ரூபாயை ஆச்சி தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழ், ஆதார், நிழற்படம், எங்கள் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றோடு கணக்குத் தொடங்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம்.

அன்று அதிக நேரம் எடுத்துக்கொண்டது கையெழுத்துதான். அதுவரை எங்கும் கையெழுத்திட வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை. முதல்நாள் இரவே ஒரு நோட்டின் இரண்டு பக்கம் முழுவதும் முதலெழுத்தோடு பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்து, அவற்றுள் ஒன்றை வட்டமிட்டு, இதுதான் என் கையெழுத்து என்று முடிவு செய்திருந்தாள். கவுன்ட்டரில் இருந்த பெண் ஊழியர், "பாப்பா, அவசரமில்ல, ஆனா இன்னைக்கு எப்படிப் போடுறியோ அப்படித்தான் பணம் எடுக்க வரும்போதும் போடணும், சரியா?" என்று பொறுமையாக விளக்கினார். தன் பெயரை எழுதினால் பணம் நகரும் என்பதை வீட்டில் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், அந்த ஊழியரின் அந்த ஒரு வாக்கியம் ஏற்படுத்திய பொறுப்புணர்வை நாங்கள் ஏற்படுத்தியிருக்க முடியாது.

எங்கள் ஏற்பாடு எளியது. வாரந்தோறும் சனிக்கிழமை காலையில் 60 ரூபாய் கொடுக்கிறோம். அதில் 30 ரூபாய் அவள் விருப்பம்போல் செலவழிப்பதற்கு. பள்ளி வாசல் பெட்டிக்கடையின் தேன்மிட்டாயோ, உப்புமிளகாய்த்தூள் தூவிய மாங்காயோ, பேனாவோ எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. மற்ற 30 ரூபாய் நான்கு வாரங்களில் 120 ஆகிறது. அதை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அன்று அஞ்சலகத்தில் செலுத்துகிறாள். ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதத்தில் கிடைக்கும் கூடுதல் 30 ரூபாயைச் சேமிப்பதா செலவழிப்பதா என்பதை அவளே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பெரும்பாலும் செலவழிக்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை.

செலுத்துவதற்கான எஸ்.பி. 103 படிவத்தை நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், இந்தக் கணக்கின் உண்மையான பயன் புரியும். பத்து ரூபாய் நோட்டுகளைத் தனியாகவும் நாணயங்களைத் தனியாகவும் அடுக்கி, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கையை எழுதிக் கூட்டிக்கொண்டு, பிறகு கணக்கு எண்ணைப் பாஸ்புக்கிலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து எழுதுகிறாள். தொகையை எண்ணால் எழுதியபின் எழுத்தாலும் எழுத வேண்டும். முதல் மாதம் 'ரூபாய் நூற்று இருபது மட்டும்' என்று எழுதச் சொன்னபோது, "நூற்று இருபதுன்னு எழுதினா போதாதா, 'மட்டும்' எதுக்கு?" என்று கேட்டாள். பின்னால் வேறு யாரும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொகையைக் கூட்டிவிடாமல் இருப்பதற்காக என்று சொன்னேன். சற்று நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் எழுதும் வரவுசெலவு நோட்டிலும் ஒவ்வொரு தொகையின் பின்னும் 'மட்டும்' என்று எழுதிவருகிறாள்.

அந்த நோட்டையும் இந்த மதிப்பீட்டில் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாஸ்புக் மட்டும் தனியாக வேலை செய்யாது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதுகிறாள். அஞ்சலகத்தில் செலுத்தும் 120 ரூபாய் நோட்டில் செலவுப் பக்கத்திலும் பாஸ்புக்கில் வரவுப் பக்கத்திலும் வருவதைக் கண்டு, ஒரே பணம் எப்படி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும் என்று குழம்பினாள். கையிலிருந்து போனது, கணக்குக்கு வந்தது என்பதை அவள் தானே கண்டுபிடித்துச் சொன்ன நாள், நான் இந்தக் கணக்கின்மேல் முழு நம்பிக்கை வைத்த நாள்.

வட்டியைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கான வட்டி 2011 டிசம்பரிலிருந்து ஆண்டுக்கு 4 விழுக்காடாக நீடிக்கிறது. பல பெரிய வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு இப்போது தருவதைவிட இது அதிகம். ஒரு மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே அந்த மாத வட்டி கிடைக்கும். ஆண்டு வட்டி மார்ச் 31 அன்று வரவு வைக்கப்படும். இந்த விதியை நான் மகளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை எப்போதும் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்பதால் அவளுக்கு இழப்பும் இல்லை.

2025 ஏப்ரல் 5 அன்று பாஸ்புக்கில் பதிந்து வாங்கியபோது, அவள் போடாத 40 ரூபாய் வரவில் இருந்தது. யார் போட்டது என்பதே முதல் கேள்வி. வட்டி என்றதும் எதற்கு 40, ஏன் 50 இல்லை என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்கு வந்து, ஜூன் மாதம் 500, ஜூலை 620, ஆகஸ்ட் 740, செப்டம்பர் 860, அக்டோபர் 980 என்று இருப்புகளை வரிசையாக எழுதினோம். தீபாவளிக்கு ஆச்சி கொடுத்த 200 சேர்ந்ததால் நவம்பரில் 1,300, டிசம்பரில் 1,420, ஜனவரியில் 1,540. காணும் பொங்கலன்று பெரியவர்கள் காலில் விழுந்து வாங்கிய காசில் 300 சேர்ந்ததால் பிப்ரவரியில் 1,960, மார்ச்சில் 2,080. பத்து மாத இருப்புகளையும் கூட்டினால் சரியாக 12,000. அதற்கு 4 விழுக்காடு 480. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 40. பாஸ்புக்கில் அச்சான எண்ணும் தன் பென்சில் கணக்கும் ஒன்றாக இருப்பதைக் கண்டு அவள் முகம் மலர்ந்ததை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. விழுக்காடு என்ற பாடம் பள்ளியில் வருவதற்கு முன்னரே, அவளுக்குச் சொந்தமான நாற்பது ரூபாயாக அது வந்து சேர்ந்தது.

அன்று மாலையே இன்னொன்றும் நடந்தது. பொங்கலுக்கு அவளுக்குக் கிடைத்தது உண்மையில் 600 ரூபாய். ஜனவரி இறுதியில் எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக் கொடுக்கக் கையில் பணம் குறைந்ததால், அவள் பெட்டியிலிருந்து 300 ரூபாயைக் கைமாற்றாக வாங்கியிருந்தேன். நாளை தருகிறேன் என்று சொன்னது இரண்டு மாதமாகிவிட்டது. நான் மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை, 'அம்மாவுக்குக் கைமாற்று 300 மட்டும்' என்று நோட்டில் இருந்தது. வட்டிக் கணக்கைப் போட்டு முடித்தபின், அந்த 300 ரூபாயும் பிப்ரவரி முதல் தேதியே கணக்கில் சேர்ந்திருந்தால் தனக்கு 42 ரூபாய் வந்திருக்கும், ஆகவே அம்மா 302 ரூபாய் தர வேண்டும் என்றாள். கேட்டவிதத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கொடுத்தேன்.

பிள்ளைகளின் காசைப் பெற்றோர் எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. மொய்யாகவும் திருநீறு பூசிக் கொடுத்த ரூபாயாகவும் பிள்ளையின் கைக்கு வருவது, பத்திரமாக வைக்கிறேன் என்ற சொல்லோடு அம்மாவின் கைப்பைக்குப் போய், வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. கஷ்டத்தில் செய்வதுதான், அதைக் குற்றம் என்று சொல்ல நான் யாருமில்லை. ஆனால், சேர்த்தால் காணாமற்போகும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, கிடைத்த அன்றே செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தால் அதில் தவறு காண முடியாது. இந்த இடத்தில்தான் பிள்ளையின் தனிப்பெயரில் உள்ள அஞ்சலகக் கணக்கை மிக உயர்வாக மதிக்கிறேன். அவள் கையெழுத்து இல்லாமல் நான்கூடப் பணம் எடுக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு என்னிடமிருந்தும்தான் என்பதை அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

மே மாதம் பணம் எடுக்கும் நேரம் வந்தது. 1,100 ரூபாய் விலையுள்ள பேட்மின்டன் மட்டை ஒன்றின்மேல் அவளுக்கு ஆறு மாதமாக ஆசை. மே மாதத் தவணையோடு நான் கொடுத்த 302 ரூபாயையும் செலுத்தியபின் கணக்கில் 2,662 ரூபாய் இருந்தது. மே 27 அன்று எடுக்கலாம் என்று புறப்பட்டபோது, ஜூன் 2 வரை பொறுத்தால் அந்த 1,100 ரூபாய்க்கு மே மாத வட்டியும் கிடைக்கும் என்பதை நினைவூட்டினேன். உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மூன்று ரூபாய் அறுபத்தாறு காசு வந்தது. ஜூன் 2 அன்று பள்ளி திறக்கிறது, விடுமுறையில் மிஞ்சியிருப்பது ஆறு நாள், மூன்றரை ரூபாய்க்காக ஆறு நாள் விளையாட்டை விடமாட்டேன் என்று தீர்மானமாகச் சொன்னாள். நான் இந்தப் பதினான்கு மாதங்களில் கேட்ட மிகச் சிறந்த நிதி முடிவு அதுதான். காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, காத்திராமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, இரண்டையும் எடைபோட்டுத் தனக்கு எது பெரிது என்று அவள் சொன்னாள். எப்போதும் சேமி, எப்போதும் பொறு என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது.

பணம் எடுக்கும் எஸ்.பி. 7 படிவத்தில் அவள் இட்ட கையெழுத்தின் கடைசி எழுத்து, பழைய மாதிரியைவிடச் சற்று நீண்டிருந்தது. அதே ஊழியர் கணினித் திரையில் இருந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாவது முறை சரியாக வந்தது. பதினொரு வயதுப் பிள்ளைதானே என்று அவர் விட்டுவிடாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஐநூறு ரூபாய் நோட்டு இரண்டையும் நூறு ரூபாய் நோட்டு ஒன்றையும் கவுன்ட்டரிலேயே எண்ணி வாங்கியவள், பாஸ்புக்கில் 1,562 என்று பதிந்திருப்பதைப் பார்த்தபின்தான் இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

குறைகளும் உண்டு. முதலாவது, அந்த 500 ரூபாய். வாரம் பத்து இருபது ரூபாய் மட்டுமே கைச்செலவுக்குப் பெறும் பிள்ளைக்கு அது எட்டாத தொகை. ஆச்சியைப் போல யாரேனும் முதலில் கை கொடுக்க வேண்டும். அதைவிட, அந்த 500 ரூபாய்க்குக் கீழ் இருப்பு போகும்படி எடுக்க முடியாது என்பதைப் பிள்ளைக்குப் புரியவைப்பது கடினம். கணக்கில் 2,662 இருந்தாலும் எடுக்கக்கூடியது 2,162 தான் என்பதை மகள் ஏற்றுக்கொள்ள இரண்டு மூன்று மாதங்கள் ஆயின. 'என் காசை ஏன் தரமாட்டார்கள்' என்ற கேள்விக்கு என்னிடமும் நல்ல விடை இல்லை. எப்படியோ இருப்பு 500க்குக் கீழ் சென்று நிதியாண்டு இறுதிக்குள் நிரப்பப்படாவிட்டால் 50 ரூபாய் பராமரிப்புக் கட்டணமாகக் கழிக்கப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சிறியதாகத் தோன்றும் 50 ரூபாய், அவளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரச் சேமிப்பு.

ஒருமுறை எடுக்கும் தொகை 50 ரூபாய்க்குக் குறையக் கூடாது, செலுத்தும் தொகை 10 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்ற விதிகள் பிள்ளைகளுக்குத் தொல்லை தருவதில்லை. நேரம்தான் தொல்லை. வார நாள்களில் அஞ்சலகம் திறந்திருக்கும் நேரமும் பள்ளி நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. சனிக்கிழமையும் பள்ளி வைக்கும் இடங்களில் பிள்ளை நேரில் போவதே அரிதாகிவிடும். பிள்ளை போகாமல் பெற்றோரே செலுத்திவிட்டு வந்தால், நான் மேலே எழுதிய எதுவும் நடக்காது. அப்படியானால் இந்தக் கணக்கைத் தொடங்குவதில் பொருளில்லை. இன்னொரு செய்தி, தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் வரவோ செலவோ இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். பதினெட்டு வயது நிறைந்ததும் புதிய படிவமும் அடையாள ஆவணங்களும் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வங்கிகளிலும் இந்த வசதி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பத்து வயது நிறைந்த பிள்ளைகள் சேமிப்புக் கணக்கையும் வைப்புக் கணக்கையும் தாமே தொடங்கி இயக்க அனுமதிக்கலாம் என்றும், தொகை வரம்பை வங்கிகளே வகுத்துக்கொள்ளலாம் என்றும் ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் புதிதாக வழிகாட்டியிருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கியில் பெற்றோரோடு கூட்டாக வைத்துக்கொள்ளும் 'பெஹலா கதம்', பத்து வயது கடந்து கையெழுத்திடத் தெரிந்த பிள்ளைகளுக்கான 'பெஹலி உடான்' ஆகிய இரண்டு கணக்குகள் 2014 முதல் இருக்கின்றன. அட்டையும் செயலியும் கையாளப் பழக வேண்டிய பதினான்கு பதினைந்து வயதில் அவை பொருத்தமாக இருக்கலாம். பத்து வயதில், அட்டை இல்லாததே எனக்கு நன்மையாகப் படுகிறது. அஞ்சலகத்துக்கு நடந்துபோகும் பத்து நிமிடத்தில், இதை எடுக்கத்தான் வேண்டுமா என்று அவள் இரண்டு முறையாவது யோசிக்கிறாள்.

அஞ்சலகத் தொடர் வைப்பில் வட்டி கூடுதலாகக் கிடைக்குமே என்று உறவினர் ஒருவர் அறிவுறுத்தினார். உண்மைதான், 2023 அக்டோபர் முதல் அதற்கு 6.7 விழுக்காடு, மாதம் 100 ரூபாயிலிருந்து செலுத்தலாம். ஆனால் அது ஐந்து ஆண்டுக் கணக்கு, மூன்று ஆண்டுகள் ஆகும்வரை முடிக்கவும் இயலாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஐந்து ஆண்டு என்பது அதன் வாழ்நாளில் பாதி. படிப்புக்காகப் பெற்றோர் சேர்க்கும் பணத்துக்கு அது ஏற்றது. கைச்செலவுப் பணத்துக்கு ஏற்றதன்று, ஏனென்றால் எடுத்துப் பார்க்காமல் கையாளக் கற்க முடியாது.

இளையவனுக்கு இன்னும் பத்து வயதாக மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அவனுக்கு உண்டியல் வாங்கவில்லை. கழுவிக் காயவைத்த கண்ணாடி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். உள்ளே இருப்பது வெளியே தெரியும், மூடியைத் திறந்து எப்போது வேண்டுமானாலும் எண்ணலாம். அக்காவின் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் 500 என்று எழுதி வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் எண்ணியபோது 180 ரூபாய் இருந்தது. அதில் 20 ரூபாயைப் பம்பரத்துக்காக எடுத்துக்கொண்டு, காகிதத்தின் பின்பக்கத்தில் 160 என்று எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பென்சிலை வாங்கி, அதன்கீழ் 'மட்டும்' என்று சேர்த்தாள்.